செவிவழி வந்த சுவை

தொல்காப்பியர் பொருளதிகாரத்தில் மெய்ப்பாட்டியலை முடிக்கும்போது, அதுவரை தாம் வகுத்துரைத்த உணர்ச்சிகளின் இலக்கணம் யாருக்குக் கைகூடும் என்பதையும் சொல்லிவைக்கிறார். கண்ணாலும் செவியாலும் ஐயமற உணரவல்ல நுண்ணுணர்வு படைத்தவர்களுக்கே அது புலனாகும், ஏனையோருக்கு எண்ணுவதற்கும் அரிது என்பது அவர் கருத்து. கண்ணோடு செவியையும் அவர் சேர்த்துச் சொன்னதை நாம் எளிதாகக் கடந்துவிடலாகாது. ஒரு பாட்டில் ததும்பும் பாவத்தையும், அதைச் சொல்லுகிறவரின் குரலையும், அது நடக்கும் நடையையும் தமிழர் நெடுங்காலம் செவியின் துணைகொண்டே அறிந்துவந்தனர் என்பதும், அந்த வழக்கம் தளர்ந்ததே இன்று இலக்கியம் பயில்வோர் பலருக்குப் பாட்டின் பொருள் விளங்கியும் சுவை விளங்காமற் போவதற்கு முதற்காரணம் என்பதும் என் துணிபு. அந்த வழக்கத்தின் சரித்திரத்தையே இங்கே எழுதப் புகுந்தேன்.

மெய்ப்பாடுகள் எட்டு என்பது பள்ளிச் சிறுவரும் ஒப்பிக்கும் செய்தி: நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. வடமொழியில் பரதர் நாட்டிய சாஸ்திரத்தில் கூறிய ரஸங்களும் எட்டே. ஒன்பதாவதாகிய சாந்தம் பிற்காலத்தார் சேர்த்தது. எண்ணிக்கை ஒத்திருப்பதைக் காட்டிலும் நம் கருத்தைக் கவரவேண்டியது, ஒவ்வொரு மெய்ப்பாட்டுக்கும் நான்கு நான்காகத் தொல்காப்பியர் காட்டும் நிலைக்களங்களே ஆகும். அச்சம் தோன்றுவதற்கு அணங்கு, விலங்கு, கள்வர் என்பவற்றோடு தம் இறைவனையும் அவர் எண்ணுகிறார். பெருமிதத்தின் நிலைக்களங்களை அடுக்கும்போது வீரத்துக்கும் புகழுக்கும் கொடைக்கும் முன்னே கல்வியை வைக்கிறார். அழுகையோ இளிவு, இழவு, அசைவு, வறுமை என்னும் நான்கினின்றும் பிறக்கும். இழிவுபடுத்தப்பட்டவனுடைய கண்ணீரும், உரியவரைப் பறிகொடுத்தவளுடைய கண்ணீரும், முன்னிருந்த நிலையினின்றும் தாழ்ந்தவனுடைய கண்ணீரும், பசித்தவனுடைய கண்ணீரும் பார்வைக்கு ஒன்றாயினும் வேறு வேறு என்பதை அவர் எத்துணைத் தெளிவாகக் கண்டிருக்கிறார்! பாரி மாண்டபின் அவன் மகளிர் நிலவை நோக்கிப் பாடிய பாட்டையும், குடும்பத்தின் வறுமையைப் பெருஞ்சித்திரனார் குமணனிடம் எடுத்துரைக்கும் பாட்டையும் அடுத்தடுத்து வாய்விட்டுப் படித்துப் பார்ப்பவர்கள் இந்தப் பாகுபாட்டின் உண்மையைத் தாமே உணர்வார்கள். இரண்டும் புறநானூற்றில் உள்ளவை. இரண்டும் அழுகையைச் சேர்ந்தவை. முன்னது ஐந்தடிகளுக்குள் அடங்கி, சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு நின்றுவிடுகிறது. பின்னது ஒவ்வொருவராக வீட்டாரின் துயரத்தை எண்ணி எண்ணி நீண்டு செல்கிறது. இழந்தவர்க்குச் சொல் குறைந்துபோகும். இல்லாதவர்க்குச் சொல்லித் தீராது.

இந்த இயலுக்கு இளம்பூரணரும் பேராசிரியரும் எழுதிய உரைகள் கிடைத்திருப்பது தமிழின் பாக்கியம். இளம்பூரணர் செயிற்றியம் என்ற பழைய நாடக நூலிலிருந்து மேற்கோள்கள் எடுத்துக்காட்டிச் சுவையின் இயல்பை விளக்குகிறார். பேராசிரியர் இன்னும் நுணுகிச் சென்று, சுவைக்கப்படும் பொருள், அதைப் பற்றும் பொறியின் உணர்வு, அதனால் மனத்தில் எழும் குறிப்பு, அக்குறிப்பு உடம்பில் வெளிப்படும் விறல் என்று ஒரு வரிசையை வகுக்கிறார். புலியொன்று எதிர்ப்பட்டால் அதைக் கண் காண்கிறது, நெஞ்சு நடுங்குகிறது, மேனி வியர்க்கிறது. இந்த நான்கில் கவி எதைச் சொல்லி எதைச் சொல்லாது விட்டான் என்று பார்ப்பதே அவனுடைய பாணியை அறிவதற்கு ஏற்ற வழி. சிலர் புலியை வருணிப்பார்கள். சிலர் வியர்வையை மட்டும் சொல்லிப் புலியை நம் கற்பனைக்கு விட்டுவிடுவார்கள். செய்யுளியலிலும் தொல்காப்பியர் மெய்ப்பாட்டை மீண்டும் எடுத்துக்கொண்டு, ஆராய்ந்து கண்டறியும் முயற்சி வேண்டாமலே பொருள் தானாக வந்து தலைப்படுவதாக அதற்கு இலக்கணம் கூறியிருக்கிறார். உரையைப் புரட்டிப் பார்த்து இது அழுகை என்று தீர்மானிப்பது மெய்ப்பாட்டுணர்ச்சி ஆகாது என்பது இதனாலேயே பெறப்படும்.

செய்யுளியலில் சொல்லப்படும் உறுப்புகள் முப்பத்து நான்கு. எழுத்து, அசை, சீர், அடி முதலியவற்றை மாணவர்கள் பரீட்சைக்காகவேனும் படிக்கிறார்கள். ஆனால் கூற்று, கேட்போர், களன், காலம், முன்னம் என்னும் உறுப்புகள் அதிகக் கவனிப்பின்றிக் கிடக்கின்றன. யார் சொல்லுகிறார், யாரிடம் சொல்லுகிறார், எந்த இடத்தில், எந்தப் பொழுதில் என்ற வினாக்களுக்கு விடை தெரியாதவரையில் ஒரு பாட்டின் தொனியை எவ்வாறு அறிவது? சங்க அகப்பாட்டுகளைத் தொகுத்தவர்கள் இதை நன்கு உணர்ந்திருந்தமையாலேயே, ஒவ்வொரு பாட்டின் அடியிலும் இன்னார் இன்னாரிடம் இன்ன சமயத்தில் கூறியது என்ற குறிப்பைச் சேர்த்துவைத்தார்கள். குறுந்தொகையின் நாற்பதாம் பாட்டை எடுத்துக்கொள்வோம். செம்மண்ணில் பெய்த மழைநீரை உவமையாகக் காட்டி, அந்த உவமையாலேயே பெயரும் பெற்ற புலவர் பாடியது அது. உறவேதும் இல்லாத இருவர் நெஞ்சம் ஒன்றிய அதிசயத்தைப் பாடுவது என்று மேடைகளில் அதை எடுத்துக்காட்டாத பேச்சாளர் அரியர். அதன் அடிக்குறிப்போ, முதற் கூட்டத்துக்குப் பின் இவர் நம்மைப் பிரிந்துவிடுவாரோ என்று தலைவி அஞ்சியதை அவள் முகத்தின் வேறுபாட்டால் அறிந்து தலைவன் கூறியது என்கிறது. இதைத் தெரிந்துகொண்டு மறுபடியும் படித்தால் பாட்டின் குரலே மாறிவிடுகிறது. அடுக்கடுக்கான கேள்விகள் வியப்பினின்றும் எழுந்தவையாக இருந்த நிலை மாறி, அஞ்சி நிற்கும் ஒரு பெண்ணைத் தேற்றும் மெல்லிய பேச்சாகின்றன. மேடையில் உரத்த குரலில் முழக்கப்படும் அந்தப் பாட்டு, உண்மையில் ஒருத்தியின் செவிக்கு மட்டும் கேட்கவேண்டியது.

குரலுக்கு அடுத்தது ஓசை. வெண்பாவுக்குச் செப்பல், ஆசிரியத்துக்கு அகவல், கலிக்குத் துள்ளல், வஞ்சிக்குத் தூங்கல் என்று பாவகைக்கு ஓர் ஓசை உரியதாக்கியதோடு முன்னோர் நின்றுவிடவில்லை. வல்லிசை, மெல்லிசை, நெடுஞ்சீர், குறுஞ்சீர், ஒழுகு, உருட்டு, முடுகு என்றாற்போல இருபது வண்ணங்களைத் தொல்காப்பியர் வகுத்திருக்கிறார். பிற்காலத்தில் தண்டியின் காவியாதர்சத்தைத் தழுவி எழுந்த தண்டியலங்காரம், செறிவு, தெளிவு, சமநிலை, இன்பம் முதலாகப் பத்துக் குணங்களைக் கூறி, அவற்றைக் கொண்டு வைதருப்பம், கௌடம் என்று நடையைப் பிரித்தது. இந்தப் பாகுபாடு நம் புலவர்களிடையே ஆழமாக வேரூன்றவில்லை. விதர்ப்ப தேசத்தையும் கௌட தேசத்தையும் ஒட்டி எழுந்த பிரிவு காவிரிக்கரைக்குப் பொருந்தாமற் போனதில் வியப்பில்லை. வண்ணமோ உயிரோடு இருந்தது. கம்பராமாயணத்தில் சூர்ப்பணகை அழகிய வடிவெடுத்து இராமன்பால் வரும் இடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஞகர மெய்யும் சகரமும் கூடிப் பிறக்கும் மெல்லோசை ஒன்றைக் கம்பர் சீருக்குச் சீர் மீண்டும் மீண்டும் ஒலிக்கச் செய்கிறார். செம்பஞ்சையும் தளிரையும் மயிலையும் கொடியையும் காட்டி நம்மை இன்புறுத்திய அதே ஓசை, செய்யுள் முடியுமிடத்தில் நஞ்சையும் வஞ்சத்தையும் காட்டுவதாகிவிடுகிறது. இனிமையும் கொடுமையும் ஒரே ஒலியில் பிறந்தவை என்பதை அவர் எடுத்துச் சொல்லவில்லை. நம் செவியே கண்டுபிடிக்குமாறு விட்டுவிட்டார். மௌனமாகப் படிப்பவனுக்கு இந்தச் செய்யுளில் பாதி கிடைத்தாற் பெரிது.

மௌனமாகப் படிப்பது நம்மவர்க்கு அண்மையில் வந்த பழக்கம். பழைய ஏட்டுச்சுவடியைக் கையில் எடுத்துப் பார்த்தவர்கள் இதை உடனே ஒப்புக்கொள்வார்கள். ஏட்டில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. எகர ஒகரங்களில் குறிலுக்கும் நெடிலுக்கும் வேற்றுமை தெரியாது. ரகரமும் காலும் ஒன்றுபோல இருக்கும். சொல்லுக்குச் சொல் இடைவெளி இல்லை. செய்யுளடி எங்கே முடிகிறது என்பதற்கும் அடையாளம் இல்லை. ஓசையை அறிந்த ஒருவர் வாய்விட்டுப் படித்தாலன்றி அந்த எழுத்துகள் பாட்டாக மாறுவதில்லை. ஆகவே, ஆசிரியரிடம் பாடங் கேட்பது என்பது அவருடைய குரலைக் கேட்பதாகவே இருந்தது. எந்த இடத்தில் நிறுத்துவது, எந்தச் சொல்லை எடுத்து ஒலிப்பது, எங்கே வேகம் கொள்வது, எங்கே குரலைத் தாழ்த்துவது என்பவை யாவும் பொருளோடு பொருளாகப் பரம்பரையாக வந்து சேர்ந்தன. புதிதாக இயற்றிய நூலைச் சபையார் முன் படித்துப் பொருள் சொல்லி அரங்கேற்றிய வழக்கமும் இதே காரணத்தால் உண்டானது. நூலைச் சபை செவியால் ஏற்றுக்கொண்ட பின்பே அது நூலாயிற்று.

இந்த முறை தன் முழு மலர்ச்சியோடு இருந்த கடைசிக் காலம் திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் (1815–1876) திருவாவடுதுறை ஆதீனத்தைச் சார்ந்து விளங்கிய காலம். அவர் செய்யுட்களைத் தடையின்றிச் சொல்லிக்கொண்டு போவார். மாணாக்கர் ஒருவர் எழுத்தாணியால் ஏட்டில் எழுதிக்கொண்டே வருவார். 1871-ஆம் ஆண்டில் அவரிடம் வந்துசேர்ந்த உ.வே. சாமிநாதையர், பிற்காலத்தில் எழுதிய ‘என் சரித்திரம்’ என்னும் நூலில் அந்தக் குருகுல வாழ்க்கையை நம் கண்முன் நிறுத்தியிருக்கிறார். ஐயர் சங்கீத வித்துவானுடைய புதல்வர். மாயூரத்தில் வாழ்ந்த கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் சில காலம் இசை பயிலவும் தொடங்கினார். பிள்ளையவர்களுக்கு அது உவப்பாக இல்லை. இசையில் நாட்டம் மிகுந்தால் இலக்கண இலக்கியங்களில் அறிவு செல்லாது என்று அவர் கருதியதால், ஐயர் இசைப்பயிற்சியை நிறுத்திக்கொண்டார்.

அதே பிள்ளையவர்களைப் பற்றி வேறொரு செய்தியும் வழங்குகிறது; இந்த வரலாற்றில் அதைவிட முக்கியமான நிகழ்ச்சி வேறில்லை என்று நான் எண்ணுகிறேன். கோபாலகிருஷ்ண பாரதியார் நந்தனார் சரித்திரக் கீர்த்தனையை இயற்றிவிட்டு, அதற்குப் பிள்ளையவர்களிடம் சிறப்புப்பாயிரம் வேண்டினார். கீர்த்தனைகளில் இலக்கண வழுக்கள் இருந்தன. சேக்கிழார் சொல்லாத வேதியர் ஒருவர் நந்தனுக்கு ஆண்டையாக வந்து கதையையே வேறாக்கியிருந்தார். ஆதலால் பிள்ளையவர்கள் உடன்படாமல் நாட்களைக் கடத்தினார். பாரதியார் சலிக்காமல் மீண்டும் மீண்டும் வந்தார். ஒருநாள் அவர் வந்தபோது பிள்ளையவர்கள் உள்ளே இளைப்பாறிக்கொண்டிருக்க, வெளியே காத்திருந்த பாரதியார் தம்மை மறந்து தம் கீர்த்தனைகளுள் ஒன்றைப் பாடலானார். சிதம்பர தரிசனத்துக்கு ஏங்கும் நந்தனின் தாபமெல்லாம் அந்தக் குரலில் வெளிப்பட்டது. உள்ளே இருந்து கேட்ட மகாவித்துவானின் நெஞ்சு உருகிற்று, பாயிரம் கிடைத்தது. ஏட்டில் பார்த்தபோது குற்றமாகத் தோன்றியவை காதால் கேட்டபோது மறைந்தன என்று இதற்குப் பொருள் கொள்ளவேண்டியதில்லை. வழுக்கள் வழுக்களாகவே இருந்தன. ஆனால் அவற்றுக்கு மேலாக அந்த நூலில் ஒன்று இருந்தது என்பதை, இலக்கணத்தில் தமக்கு நிகரில்லாத ஒரு பேராசான் தம் செவியின் சாட்சியத்தைக்கொண்டு ஒப்புக்கொண்டார். மெய்ப்பாட்டியலின் இறுதிச் சூத்திரத்துக்கு இதைவிடச் சிறந்த உரையை நான் அறியேன்.

அச்சு வந்தது. 1812-இல் திருக்குறள் அச்சேறியது. 1835-இல் இந்தியர்கள் அச்சகம் வைத்துக்கொள்வதற்கு இருந்த தடை நீங்கியது. அதன்பின் நூல்கள் பெருகின. ஆறுமுக நாவலர் நிறுத்தக்குறிகளோடு தெளிவான வசனம் எழுதிக்காட்டினார். 1885-இல் சி.வை. தாமோதரம் பிள்ளை தொல்காப்பியப் பொருளதிகாரத்தைப் பதிப்பித்தார். அதில் நச்சினார்க்கினியர் உரையென்று வந்த கடைசி நான்கு இயல்களின் உரை பேராசிரியருடையது என்பதைப் பின்னர் அறிஞர்கள் அகச்சான்றுகளால் நிறுவினார்கள். 1887-இல் சாமிநாதையரின் சிந்தாமணிப் பதிப்பும், 1894-இல் புறநானூறும் வெளிவந்தன. இந்தப் பெரியோர்கள் இல்லையென்றால் நமக்குப் பழந்தமிழே இல்லை. இதில் அபிப்பிராய பேதத்துக்கு இடமில்லை. ஆயினும் நூல் எல்லார் கைக்கும் வந்தபோது, அதைக் குரலால் உணர்த்திய ஆசிரியர் கூடவே வரவில்லை. சர்வகலாசாலைப் பரீட்சைகள் பதவுரையையும் பொழிப்புரையையும் இலக்கணக் குறிப்பையும் கேட்டன. கேட்டதை மாணவர்கள் எழுதினார்கள். பாட்டு எப்படி ஒலிக்கவேண்டும் என்று எந்த வினாத்தாள் கேட்கப்போகிறது?

பதம் பிரித்துப் பொருள் கூறுவதிலுள்ள அபாயம் அச்சுக்கு முன்பே தோன்றிவிட்டது என்பதையும் நேர்மையோடு சொல்லவேண்டும். நச்சினார்க்கினியர் பத்துப்பாட்டுக்கு உரை வகுத்தபோது, எங்கோ கிடக்கும் சொல்லை எடுத்து வேறெங்கோ உள்ள சொல்லோடு கூட்டிப் பொருள் கொள்ளும் முறையைத் தாராளமாகக் கையாண்டார். அவர் புலமை கடல் போன்றது. எனினும் புலவன் வைத்த வரிசையைக் கலைத்துவிட்டால் சொற்கள் எஞ்சும், உணர்ச்சியின் போக்கு எஞ்சாது. 1903-இல் முல்லைப்பாட்டுக்கு ஆராய்ச்சியுரை வெளியிட்ட மறைமலையடிகள், பாட்டைக் கிடந்தவாறே வைத்துப் பொருள் காணவேண்டும் என்று வாதித்து இந்த முறையைக் கண்டித்தார். தலைவி தனித்துக் காத்திருக்கும் மாளிகையிலிருந்து தலைவன் தங்கிய பாசறைக்கு அந்தப் பாட்டு ஏன் தாவுகிறது, அந்தத் தாவலில் என்ன உணர்ச்சி அமைந்திருக்கிறது என்றெல்லாம் கேட்கும் துணிவை நம் காலத்துக்கு முதலில் தந்தவர் அவரே. வ.வே.சு. ஐயர் கம்பனை ஹோமரோடும் மில்டனோடும் வைத்துப் பார்த்தது அடுத்து வந்த பெருமுயற்சி.

ஆனால் செவியைத் திரும்ப அழைத்துவந்தவர் ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார் (1882–1954). திருநெல்வேலியில் அவர் இல்லத்தின் வட்டத்தொட்டியில் வக்கீல்களும் நீதிபதிகளும் பத்திரிகாசிரியர்களும் வித்துவான்களும் கூடினார்கள். ராஜாஜியும் கல்கியும் அவர் பேச்சில் ஈடுபட்டவர்கள். அங்கே நடந்ததைச் சொற்பொழிவு என்று சொல்வதற்கில்லை. முதலியாரவர்கள் ஒரு செய்யுளை எடுத்துக்கொள்வார், அதன் பின்னணியைச் சிறிது விளக்குவார், பிறகு அதைப் பாடுவார், மறுபடியும் பாடுவார். பாட்டின் உருவமும் தாளமும் பாவமும் கேட்பவர் நெஞ்சில் படிந்த பிறகே அடுத்த செய்யுளுக்குப் போவார். நிகண்டும் இலக்கணமும் அறியாதவர்களும் முத்தொள்ளாயிரத்து வெண்பாக்களை அவர் வாயால் கேட்டு அநுபவித்தார்கள். நூற்றாண்டுகளாகப் பண்டிதர்களிடம் மட்டும் தங்கியிருந்த ஒரு செல்வத்தை அவர் வீதிக்குக் கொண்டுவந்தார் என்பதில் ஐயமில்லை.

அவரிடம் குறையும் உண்டு. அது சிறு குறையன்று. தம் செவிக்கு உகந்ததே கம்பனுடையது என்று துணிந்து, ஆயிரக்கணக்கான செய்யுட்களைப் பிறர் செருகியவை என்று தள்ளினார். வைத்துக்கொண்டவற்றிலும் சில சொற்களைத் தாமே திருத்தினார். சுவடியில் இருப்பதைக் காக்கும் கடமை பதிப்பாசிரியனுக்கு உண்டு. ரசிகனுடைய செவி எத்துணை நுட்பமானதாயினும் அது பாடத்தை மாற்றும் அதிகாரம் பெறாது. அக்காலத்து ஆராய்ச்சியாளர் இதை வன்மையாக மறுத்தது முற்றிலும் நியாயமே. ஆனால் அந்த மறுப்பின் வேகத்தில், அவர் சொன்ன வேறொன்றையும் நம் கல்லூரிகள் கைவிட்டன. பாட்டு முதலில் கேட்கப்படவேண்டும் என்ற அவருடைய அடிப்படைக் கொள்கைக்கும் அவர் செய்த திருத்தங்களுக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. முன்னது தொல்காப்பியர் காலத்திலிருந்து வந்த வழக்கம். பின்னது ஒரு தனிமனிதரின் பிடிவாதம்.

இன்று சந்தி பிரித்த பதிப்புகளும் தெளிவுரைகளும் மலிந்திருக்கின்றன. 1950-களில் மர்ரே எஸ். ராஜம் குறைந்த விலையில் வெளியிட்ட சந்தி பிரித்த பதிப்புகளுக்குப் பின், பழைய செய்யுளை எழுத்துக்கூட்டிப் படிக்க முடியவில்லை என்று யாரும் சொல்வதற்கில்லை. ஆகவே, தமிழாசிரியர்களாக இருக்கும் அன்பர்களை நான் வேண்டிக்கொள்வது ஒன்றே. வகுப்பில் ஒரு செய்யுளை எடுத்துக்கொண்டால், அருஞ்சொற்பொருளைக் கரும்பலகையில் எழுதுவதற்கு முன்னால் அதை இருமுறை வாய்விட்டுப் படியுங்கள். மாணவர் ஒருவரையும் படிக்கச் செய்யுங்கள். இதைச் சொல்பவர் யார், கேட்பவர் யார், அப்போது அவர் முகம் எப்படி இருந்திருக்கும் என்று கேளுங்கள். பதவுரையை அதன் பிறகு சொல்லலாம்.